கட்டைவிரல் மலை

கிண்ணக்கொரை போகும் கடைசி வண்டியின்
நடத்துநர் போஜன்
வாரத்துக்கு நாலு படம் அனுப்புவான்.
ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் போன்.
பாதிப் படத்தில் வைப்பர் கம்பி,
மீதியில்தான் மலை.

இந்த வாரம் வந்தது
தாய்சோலை தாண்டிய ஒரு சரிவு.
தேயிலை, மேலே புல்,
மடிப்பில் ஒளிந்த சோலை, ஈர வானம்,
வலது மூலையில்
வெளிர்சிவப்பாய் ஏதோ ஒன்று.

கெத்தை மின்நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து
நாற்பத்து மூன்று வளைவும் ஏறி வந்து
குளித்து, இட்லி தின்று,
தூங்காமல் மேசைக்கு வந்துவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை. யாருக்கும் விற்பதில்லை.
முடித்த படங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நிற்கின்றன,
வகுப்பில் தண்டனை வாங்கியதுபோல்.

இரவெல்லாம் மணிக்கொரு தரம்
எண்கள் எழுதிய கை இது.
மெகாவாட், நீரழுத்தம், தாங்கியின் வெப்பம்.
ஒன்று பிசகினாலும் மேலே பதில் சொல்ல வேண்டும்.
இப்போது அதே கை
தாளை முழுக்க நனைத்து
இண்டிகோவில் ஒரு சொட்டை விட்டு
எங்க வேணும்னாலும் போ என்கிறது.
போகிறது.

போன் காட்டும் பச்சை பொய்.
தேயிலைக்கு அத்தனை சந்தோஷம் கிடையாது.
ஒரு துளி சிவப்பைக் கலந்து
அதன் வாயை அடைக்கிறேன்.
சோலைக்கு நீலமும் அரக்கும்.
புல்லுக்கு, மயிர் கொட்டிய பழைய தூரிகை;
நல்ல தூரிகைக்குப் புல் வராது.

ஜூலை மாதத்து மஞ்சூரில் தாள் காயாது.
பதினோரு மணிக்குப் பூசிய வானம்
இரண்டு மணிக்கும்
வானமாவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
"அடுப்புல காட்டுங்க, அப்பளம் மாதிரி"
என்றாள் சுகிர்தா.
அப்படிக் காட்டித்தான் போன மாதம்
ஒரு அருவி பொரிந்து போனது.

ஜன்னலைத் திறந்து வைத்தது என் தப்பு.
மூடுபனி உள்ளே வந்து
மேசைமேல் குனிந்து
தன் பங்குக்கு ஒரு முகட்டைக் கரைத்துவிட்டது.
போனில் இருக்கிறது, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தாளில் இல்லை.
திரும்பப் போட மனசில்லை.
எனக்குத் தெரிந்த மலையெல்லாம்
பாதி நாள் லீவில் இருப்பவைதான்.

மிச்சம் அந்தச் சிவப்பு.
காட்டுப்பூவரசு இந்த மாதம் பூக்காது.
மண்சரிவா?
பாறையில் விழுந்த சாயங்கால வெயிலா?
வெயில் என்றே வைத்துக்கொண்டேன்.
பக்கவாட்டில் நிழல் கொடுத்து
அடிவாரத்தில் சின்னதாய் ஒரு சோலை நட்டு
குறுக்கே ஓடிய இரண்டு கோடுகளை
ஒற்றையடிப் பாதைகளாக்கினேன்.
ஒரு பாதையில், புள்ளியளவில், ஒரு ஆள்.
இதுவரை போட்டதில் அதுதான் அழகான இடம்.

படமெடுத்து போஜனுக்கு அனுப்பினேன்.
"சூப்பர்ணே. மூலையில அது எந்த மலை?"
"நீதானே எடுத்த?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
கோவைக்கோ ஊட்டிக்கோ
யாரோ டிக்கெட் கேட்டிருப்பார்கள்.
பிறகு வந்தது:
"அண்ணே, அது என் கட்டைவிரல்."
சான்றுக்கு விரலின் படமும்.
நகத்தடியில் டிக்கெட் மை.
மூட்டில் இரண்டு ரேகை,
என் இரண்டு பாதைகள்.

சுகிர்தா சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

கையெழுத்துப் போடும் இடத்தில்
பென்சிலால் எழுதினேன்:
போஜன் முடி. உயரம் இரண்டரை அங்குலம்.

மாலை, ஷிப்டுக்கு இறங்கும் வண்டியில்
ஜன்னலோரம் கிடைத்தது.
எதிர்மலைப் பக்கம் தேடிக்கொண்டே போனேன்.
முழுக்க மூடுபனி.
அங்கே இல்லை என்று
அடித்துச் சொல்லவும் முடியவில்லை.